காலுக்கு ஒரு சத்தியம்

கே.ஜி.கண்டிகை எல்லப்பன் சும்மா நின்றால் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஒல்லி உடம்பு, முழங்காலுக்கு மேல் ஏறிய வேட்டி, தோளில் ஒரு பழைய துண்டு. வாயைத் திறந்தால்தான் ஆள் யாரென்று தெரியும். அவன் குரல் மணவூர் ஸ்டேஷன் வரைக்கும் கேட்கும் என்று எங்கள் ஊரில் அளப்பார்கள். அது பொய். ஆனால் அவன் திருத்தணி மலையடியில் நின்று கூப்பிட்டால் மேலே கோயில் வாசலில் தேங்காய் விற்கிறவள் நிமிர்ந்து பார்ப்பாள். அது நான் கண்ணால் கண்டது.

பங்காருவின் கிணற்றில் கவலை ஓட்டுவது அவன் வேலை. தோலால் செய்த சால் ஒன்றைக் கிணற்றுக்குள் இறக்கி, மாடு பூட்டி இழுத்து நீர் இறைப்பது. மற்றவர்கள் சாட்டையை வைத்துக்கொண்டு செய்கிற வேலையை அவன் வாயாலேயே செய்தான். ஒரு சத்தத்துக்கு மாடுகள் சரிவில் இறங்கும், இன்னொரு சத்தத்துக்குப் பின்வாங்கி மேலே ஏறும். அந்தக் குரலுக்கே பழகிப்போன மாடுகள். வேறு யாராவது கத்தினால் காதை ஆட்டிவிட்டு நின்றுவிடும்.

பங்காரு தெலுங்கு வீட்டுக்காரர், நிலபுலன் உள்ளவர். கண்டிகைக் காவடிக் கூட்டத்துக்குத் தலைவரும் அவரே. ஆடிக் கிருத்திகைக்குக் கூட்டம் மலையேறும்போது முன்னால் போகிறவன் “தணிகை வேலனுக்கு” என்று கூப்பிடுவான். பின்னால் வருகிற அத்தனை பேரும் “அரோகரா” என்று பதில் சொல்வார்கள். கூப்பிடுகிறவன் சரியில்லை என்றால் பாதி மலையிலேயே ஜனம் சோர்ந்து உட்கார்ந்துவிடும். பங்காருவின் கூட்டத்துக்குக் கூப்பிடுகிறவன் எல்லப்பன். வருஷம் முழுக்கப் பங்காருவின் பின்னால் கை கட்டிக்கொண்டு நடக்கிறவன் அந்த ஒரு நாள் முன்னால் நடப்பான். பங்காரு காவடியைத் தூக்கிக்கொண்டு அவன் பின்னால் வருவார். எல்லப்பனுக்குச் சொத்து என்று இருந்தது அந்த ஒரு நாள்தான். தொண்டை கட்டிக்கொள்ளக் கூடாது என்று ஆனி பிறந்ததுமே மோரைத் தொட மாட்டான். “புள்ளத்தாச்சி கூட இம்மாம் பத்தியம் இருக்க மாட்டா” என்று அவன் மனைவி தாயாரம்மாள் கேலி செய்வாள்.

அவனுக்குப் பந்தாட்டப் பைத்தியம் பிடித்தது யுத்த காலத்தில். அரக்கோணத்தில் மரவாடி வைத்திருந்த வாஹித் சாயபு ‘ஜங்ஷன் லெவன்’ என்று ஒரு கோஷ்டி நடத்திவந்தார். மாதச் சம்பளம் கொடுத்து ஆடவைக்கிற கோஷ்டி. அவர்கள் ஆடிய மைதானத்தில் பட்டாளத்துக்காரர்கள் கூடாரம் போட்டுவிட்டதால், ரயிலேறி எங்கள் ஊருக்கு வந்து ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த வெளியில் கோல் கம்பம் நட்டார்கள். முதல் ஆட்டத்துக்கு வேலையில்லாதவர்கள் வந்தார்கள். அப்புறம் வேலையை விட்டுவிட்டு எல்லாரும் வந்தார்கள்.

அதற்குக் காரணம் நசருல்லா. அரக்கோணத்து மெக்கானிக் ஒருவரின் மகன். வலது காலை ஊன்றுவதற்கு மட்டும் வைத்துக்கொண்டு, மிச்ச வேலையெல்லாம் இடது காலால் செய்வான். எதிராளி இரண்டு பேர் பாய்ந்து வரும்போது பந்து இவன் காலில் இருக்கும். அவர்கள் விழுந்து எழுந்திருக்கும்போது கோலில் இருக்கும்.

அவன் இங்கே போட்ட முதல் கோலுக்கு எல்லப்பனுக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. கைதட்டிப் பழக்கமில்லை. வாய் தானாகத் திறந்து “நசருல்லாவுக்கு” என்று கூப்பிட்டுவிட்டது. சுற்றி நின்றவர்கள் எல்லாம் மலையேறிப் பழகின ஆட்கள் அல்லவா, யோசிக்காமல் “அரோகரா” என்று பதில் சொல்லிவிட்டார்கள். சொன்ன பிறகு சிரித்தார்கள். சிரித்த பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. சாமி பேருக்குச் சொல்வதைப் பந்துக்குச் சொல்வதா என்று இரண்டொருவர் முணுமுணுத்தார்கள். அவர்களும் அடுத்த கோலுக்குக் கத்தினார்கள்.

நசருல்லாதான் மிரண்டுவிட்டான். எங்கள் பக்கத்தில் ஒருவன் கடை நொடித்துப்போனாலும் அரோகரா, கல்யாணம் நின்றுபோனாலும் அரோகராதான். ஆட்டம் முடிந்ததும் நேராக எல்லப்பனிடம் வந்தான்.

“இன்னாண்ணே இது, கோல் போட்டா அரோகரான்றீங்க. என் கதை முடிஞ்சிடுச்சின்றீங்களா?”

“அய்யே, அது வேற அரோகரா. மொதல்ல பேரைக் கூப்ட்டு அப்புறம் சொன்னா நல்லது. பேரில்லாம மொட்டையா சொன்னாதான் மட்டம்.”

“அப்ப பேரை விட்டுடாதீங்கண்ணே.”

“நான் இருக்கச்சொல்ல எவன் விடுவான்?”

அதற்குப் பிறகு அரோகரா கேட்கும் போதெல்லாம் நசருல்லா கூட்டத்தைப் பார்த்துக் கையைத் தூக்குவான். அந்தக் கை தூக்கலுக்காகவே எல்லப்பன் தொண்டை நரம்பு புடைக்கக் கத்துவான். இரண்டு பேருக்கும் இருந்த சிநேகிதம் அவ்வளவுதான். ஒருவர் வீடு ஒருவருக்குத் தெரியாது.

யுத்தம் முடிந்த மறு வருஷம் பங்குனியில் ஒரு ஆட்டத்துக்கு வந்து இறங்கியபோது, ஸ்டேஷனில் கலால் இலாகாவின் ஆப்காரி சேவகர்கள் மூட்டை முடிச்சுகளைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். நசருல்லாவின் பையில் காலுக்குத் தேய்க்கிற தைல டப்பா இருந்தது. திறந்தால் தைலம் இல்லை, அபின். பனியனும் அரை நிஜாருமாக அவனை பிளாட்பாரத்திலிருந்து அழைத்துக்கொண்டு போனார்கள். அன்றைக்கு அவன் இல்லாமல் ஆடித் தோற்றார்கள்.

ஊர் அன்றே இரண்டாகிவிட்டது. அன்று எதிர்த்து ஆடவந்த வேலூர்க் கோஷ்டிக்காரர்கள் வேண்டுமென்றே டப்பாவை மாற்றி வைத்துவிட்டார்கள் என்று ஒரு கட்சி. அபின் தின்னாமல் மனுஷனால் அப்படி ஓட முடியுமா, எனக்கு அப்போதே சந்தேகம் என்று இன்னொரு கட்சி. அப்போதே சந்தேகப்பட்டவர்கள் இத்தனை பேர் இருந்தும் எப்படி ஒருவர் கூட வாயைத் திறக்கவில்லை என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அம்பட்டன் கடையில் மாட்டியிருந்த அவன் படம் சுவர்ப்பக்கம் திரும்பியது. ‘நசருல்லா சோடா’ என்று கூவிக் கொண்டிருந்தவர் வெறும் சோடா விற்றார். கோல் போட்டபோது அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றிய ஒருவர், அவனை எனக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை என்றார்.

விசாரணைக்கு முந்தின நாள் ஸ்டேஷன் டீக்கடையில் இந்தப் பேச்சே ஓடிக்கொண்டிருந்தது. தாலுக்கா கச்சேரிக் குமாஸ்தா பாலசுப்பிரமணியன், டப்பா அவனுடையதுதான், சந்தேகமே இல்லை என்று அடித்துச் சொன்னார்.

எல்லப்பனுக்கு முகம் சிவந்துவிட்டது. “நீங்க பாத்தீங்களா சாமி?”

“நீ பார்த்தியா, இல்லைன்னு?”

“நான் அந்தக் காலைப் பாத்துகினு கீறேன் இத்தினி வருசமா. அந்தக் காலு தப்பு பண்ணாது.”

“சத்தியம் பண்ணுவியா?”

விளையாட்டாகக் கேட்டதுதான். எல்லப்பன் கடைக்காரரிடம் கற்பூரம் வாங்கினான், பலகை மேல் வைத்துக் கொளுத்தினான். “அந்தக் காலு தப்பு பண்ணாது. தணிகை வேலன் மேல சத்தியம்” என்று சொல்லி, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துவிட்டான். கற்பூரம் அணைத்துப் பொய்ச் சத்தியம் செய்தவன் வாக்கை எங்கள் ஊரில் அப்புறம் யாரும் கேட்க மாட்டார்கள். பெண் கொடுக்கல் வாங்கலுக்குக்கூட யோசிப்பார்கள். பாலசுப்பிரமணியன் மீதி டீயைக் குடிக்காமல் எழுந்து போனார்.

மறுநாள் கோர்ட்டில் நசருல்லா எதையும் மறுக்கவில்லை.

“என்னுதுதானுங்க. எவனும் மாத்தி வெக்கல. முட்டில சதை கிழிஞ்சு போச்சு. இத்த ஒரு உருண்டை போட்டாத்தான் ஓட முடியுது. ஓடினாத்தான் சம்பளம்.”

சப் மாஜிஸ்திரேட் அவனை ஜெயிலுக்கு அனுப்பினார். வெளியே நின்றிருந்தவர்கள் ஒருவரும் நசருல்லாவைப் பார்க்கவில்லை, எல்லப்பனைப் பார்த்தார்கள். அவன் உள்ளங்கையில் கற்பூரம் சுட்ட கொப்புளம் இன்னும் உடையவில்லை.

காவடிக் கூட்டம் அந்த வாரமே கூடியது. பொய்ச் சத்தியம் பண்ணின வாய் சாமி பேரைக் கூப்பிடலாமா என்பதுதான் கேள்வி. பங்காருவுக்கு அவனை விட மனசில்லை. நல்ல குரல் போய்விடும், அதோடு கவலைக்கும் ஆள் போய்விடும். அதனால் ஒரு வழி கண்டுபிடித்துக் கொண்டு வந்திருந்தார்.

“டேய் எல்லப்பா, நீ காலைத்தானே சொன்னே? டப்பாவைத் தூக்கினு வந்தது கையி. தப்பு பண்ணதும் கையி. உன் சத்தியத்துக்கு ஒண்ணும் ஆவல.”

பெருமாள் விடவில்லை. எல்லப்பனுக்கு அடுத்தபடி குரல் உள்ளவன் அவன். “நைனா, அவன் அத்த தின்னதே காலுக்காகத்தான்னு கோர்ட்டுல சொல்லிட்டானே.”

“தின்னது வாயி. காலா தின்னுச்சு?”

இப்படியே கை, கால், வாய் என்று வெகுநேரம் பேசினார்கள். கடைசியில் காலைக் குற்றம் சொல்ல முடியாது என்று பெரும்பாலானவர்கள் பங்காரு பக்கம் வந்துவிட்டார்கள். எல்லப்பன் தலையை ஆட்டியிருந்தால் போதும், அவன் நாள் அவனுக்கே இருந்திருக்கும்.

“வேணாங்க நைனா” என்றான் அவன். “வாயில வந்தது காலுதான். நெனச்சது ஆளைத்தான்.”

பங்காருவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவர் திறந்துவிட்ட கதவை அவர் மூக்குக்கு நேராகச் சாத்திவிட்டான் அல்லவா. “அப்படின்னா வாய்ப்பூட்டு போடு” என்றார்.

வாய்ப்பூட்டு எங்கள் மலைக்கு வேண்டிக்கொள்கிறவர்கள் போட்டுக்கொள்வது. வாயைக் கட்டிக்கொண்டு, வேண்டுதல் தீருகிறவரை பேசாமல் இருப்பார்கள். எல்லப்பனுக்கு ஒரு மஞ்சள் துணி. சாப்பிட மட்டும் அவிழ்க்கலாம்.

“ஆடிக் கிருத்திகை வரைக்கும் ஒரு சத்தம் வரக் கூடாது. ஒழுங்கா இருந்தா அன்னிக்கு மலையடியில நானே அவுத்து விடறேன், நீயே கூப்பிடு. நடுவுல வாயத் தொறந்தே, அப்புறம் பெருமாளுதான். இந்த வருசம் மட்டும் இல்ல, எப்பவும்.”

எல்லப்பன் கும்பிட்டுவிட்டுத் துணியை வாங்கிக் கட்டிக்கொண்டான்.

அவன் பேசாமல் இருந்ததில் அதிகம் கஷ்டப்பட்டது மாடுகள். முதல் நாள் கிணற்று மேட்டில் சரிவைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டன. தாயாரம்மாள் வந்து அவன் கத்துகிற மாதிரியே கத்திப் பார்த்தாள். மாடுகள் அவளைத் திரும்பிப் பார்த்தன, அவனைத் திரும்பிப் பார்த்தன, நின்ற இடத்திலேயே சாணி போட்டன. எல்லப்பன் துணிக்குப் பின்னால் சிரித்தான். அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

“நீ கம்முனு நின்னுகினு இரு. எவனோ ஒருத்தன் கண்டதைத் தின்னதுக்கு நான் இங்க மாட்டோட கத்திகினு கெடக்கறேன்” என்று திட்டினாள். சித்திரை முழுக்கக் கத்திக் கத்தி மாடுகளை வழிக்குக் கொண்டுவந்தாள். தொண்டை அவளுக்குத்தான் கட்டியது.

நசருல்லாவின் மேல் எல்லப்பனுக்கு இருந்த கோபத்தைச் சொல்லி முடியாது. யாராவது அந்தப் பேரை எடுத்தால் எழுந்து போய்விடுவான். அபின் தின்றது கூடப் பெரிதில்லை, ஒருமுறை கூடச் சொல்லவில்லையே என்பதுதான் அவனுக்கு. சொல்லும்படியான பழக்கம் இரண்டு பேருக்கும் இல்லை என்பது அவன் மனசுக்கு ஏறவில்லை. ரசிகன் என்றாலே அப்படித்தான். தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, கூடப் பிறந்தவன் ஏமாற்றிவிட்ட மாதிரி அழுவான்.

நசருல்லா ஆனியில் வெளியே வந்தான். வாஹித் சாயபு இளகிய மனசுக்காரர், ஆனால் வியாபாரி. “திருத்தணியில ஒரு மேட்ச் ஆடு. ஜனம் ஏத்துக்கினா சம்பளம் ஓடும். ஏத்துக்கலேன்னா வேற பொழப்பு பாத்துக்கோ” என்று சொல்லிவிட்டார். அவன் ரயிலில் வந்து இறங்குவதற்குள் இந்தச் சங்கதி ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது. ஆடிக் கிருத்திகைக்கு அப்போது அதிக நாள் இல்லை.

எல்லப்பன் ஆட்டத்துக்குப் போக மாட்டான் என்றுதான் தாயாரம்மாள் நினைத்தாள். அவன் மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டான். அவள் கூடவே வந்தாள். வாயைத் திறந்துவிடப் போகிறான் என்று பயம். எல்லைக் கோட்டருகில் அவன் வழக்கமாக நிற்கிற இடத்திலேயே போய் நின்றான். எதிர்ப்பக்கம் பங்காருவும் பெருமாளும் நின்றுகொண்டிருந்தார்கள்.

நசருல்லாவால் ஓட முடியவில்லை. முட்டியில் கனமாகத் துணி சுற்றியிருந்தான். அபின் இல்லாத கால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. பந்து வந்தது, அவன் போய்ச் சேர்வதற்குள் போய்விட்டது. இன்னொன்று காலிலேயே வந்து விழுந்தது. அடித்தான், பந்து கம்பத்துக்கு வெகு தூரத்தில் போய் முள்ளுச் செடியில் விழுந்தது. அதை எடுக்க அவனே நொண்டிக்கொண்டு போனான்.

அப்போதுதான் கூட்டத்தில் ஒருவன் ஆரம்பித்தான். பேர் இல்லை, ஒன்றுமில்லை, மொட்டையாக இழுத்து, “அ...ரோ...கரா...”

சுற்றிலும் இருந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள். சிரித்துச் சிரித்துச் சொன்னார்கள். முதலில் கத்தியவன் யார் என்று எனக்குத் தெரியும். அவன் தோளில்தான் ஒரு காலத்தில் நசருல்லா உட்கார்ந்து மைதானத்தைச் சுற்றினான்.

செடியிலிருந்து பந்தை எடுத்துக்கொண்டு நிமிர்ந்த நசருல்லாவுக்கு அரோகரா மட்டும்தான் காதில் விழுந்தது. பழைய வழக்கத்தில் கூட்டத்தைப் பார்த்துக் கையைத் தூக்கினான். முகத்தில் அப்படியொரு சந்தோஷம். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. தூக்கிய கையை இறக்குவதா வேண்டாமா என்று தெரியாமல் அவன் அப்படியே நின்றான். எனக்கே பார்க்கச் சகிக்கவில்லை.

தாயாரம்மாள் எல்லப்பனின் கையைப் பிடித்தாள். “வேணாய்யா. இன்னும் கொஞ்ச நாளுதான் கீது. வேணாம்.”

அவன் அவளைப் பார்த்தான். எதிரே நின்ற பங்காருவைப் பார்த்தான். பிறகு மஞ்சள் துணியைக் கழுத்துக்கு இழுத்துவிட்டுக் கூப்பிட்டான்.

“நசருல்லாவுக்கு...”

மூன்று மாதம் பேசாத குரல், முதலில் கரகரத்துத்தான் வந்தது. ஆனால் அந்தக் குரல் கூப்பிட்டால் பதில் சொல்வது எங்கள் ஜனத்துக்கு ரத்தத்தில் ஊறியது. சிரித்துக்கொண்டிருந்த வாயெல்லாம் யோசிப்பதற்குள் “அரோகரா” என்று நேராகச் சொல்லிவிட்டது. அவன் விடவில்லை. “நம்ம நசருல்லாவுக்கு...” என்று மறுபடி கூப்பிட்டான். குரல் தெளிந்துவிட்டது. இந்தத் தடவை சத்தம் மலையில் மோதித் திரும்பி வந்தது. கேலி செய்தவன் கூடச் சேர்ந்து கத்தினான். நசருல்லாவின் கை தூக்கியபடியே இருந்தது.

அதற்குப் பிறகு அவன் பெரிதாக ஒன்றும் ஆடிவிடவில்லை. கோலும் போடவில்லை, ஜங்ஷன் லெவன் ஒரு கோலில் தோற்றது. ஆனால் அவன் பந்தைத் தொட்டபோதெல்லாம் பேரும் அரோகராவும் கேட்டுக்கொண்டே இருந்தன. வாஹித் சாயபு கூட்டத்தை ஒரு தரம் சுற்றிப் பார்த்தார். கால் ஆறட்டும், அதுவரை சின்னப் பசங்களுக்குச் சொல்லிக்கொடு என்று அவனிடம் சொல்லிவிட்டார்.

பங்காரு ஆட்டம் முடிகிறவரை நின்றார். போகும்போது எல்லப்பனைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. “போடா, கெடுத்துகினே” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். கோபத்தைவிட வருத்தம்தான் அந்தக் குரலில் இருந்தது. பெருமாள் கீழே பார்த்துக்கொண்டு அவர் பின்னால் போனான்.

கூட்டம் கலைந்தபோது நசருல்லா நொண்டி நொண்டி எல்லப்பனிடம் வந்தான். கண் கலங்கியிருந்தது, ஆனால் சிரித்தான்.

“பேரை விடலியேண்ணே நீங்க.”

எல்லப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். நசருல்லா அவன் கழுத்தில் தொங்கிய மஞ்சள் துணியைப் பார்த்தான்.

“இன்னாண்ணே இது? வந்ததுலேந்து பாக்கறேன், வாயக் கட்டிகினே நின்னீங்க. பல்லு வலியா?”

தாயாரம்மாள் வாயைத் திறந்தாள். எல்லப்பன் அவள் காலை மிதித்தான்.

“ஆங், பல்லு வலிதான்” என்றான்.

“பாத்துக்கோங்கண்ணே. ஆடிக் கிருத்திகைக்குள்ள சரியாவணுமே. மலைக்கு நீங்கதானே கூப்பிடணும்?”

“ஆங். நாந்தான் கூப்பிடுவேன்.”

நசருல்லா அவன் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கிவிட்டு ரயிலுக்குப் போனான். கற்பூரம் சுட்ட தழும்பு உள்ளங்கையில் தட்டுப்பட்டிருக்கும். அது என்னவென்று அவன் கேட்கவில்லை. தாயாரம்மாள் மட்டும் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தாள்.

அந்த ஆடிக் கிருத்திகைக்குப் பெருமாள்தான் கூப்பிட்டான். எல்லப்பன் கூட்டத்தின் கடைசியில், தாயாரம்மாளுக்குப் பக்கத்தில் நடந்துகொண்டு, எல்லாரையும் போலப் பதில் சொல்லிக்கொண்டே மலையேறினான்.